முயலுக்கு ஆம்லெட்

பாலைவன ஓரத்துச் சின்ன ஊரான நெவே ஷிட்டாவில் காலிங்பெல்லை அமுக்கிவிட்டு ஓடுகிறவர்கள் இரண்டு ரகம். ஒன்று, வேறு வேலை வெட்டி இல்லாத பையன்கள். இன்னொன்று மர்ஸேல் பென்லூலு. வயது ஐம்பத்தெட்டு, இரண்டு முட்டியிலும் வலி, தொடக்கப் பள்ளியில் ஆயா. பையன்கள் ஓடினால் கதவைத் திறக்கிறவருக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்காது. மர்ஸேல் ஓடினால் வாசலில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். அதில் ஒரு கோழி, ஒரு பை உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, எண்ணெய், ஓய்வுநாளான சபாத்துக்கு இரண்டு ரொட்டி, பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஒரு டப்பா சாக்லேட் பசை.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அறுபத்து மூன்று பெட்டி. யூத ஜெப ஆலயத்தின் பின்கட்டுச் சமையலறையில் அவளும் யெஷியும் விடிகாலையில் கட்ட ஆரம்பிப்பார்கள். யெஷி எத்தியோப்பியாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள், மர்ஸேலைவிட இருபது வயது இளையவள், வாய் மட்டும் சமவயது. மர்ஸேலின் கணவன் ஹனானியா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எஞ்சினை அணைக்காமல் தெருமுனையில் நிற்பான். வங்கியைக் கொள்ளையடிக்கிறவர்களுக்கு வண்டி ஓட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். கொடுக்கிறவர் யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. அவமானம் இல்லாமல் கொடுத்தால்தான் அது தர்மம் என்பது அவர்கள் முறை. அதற்காகத்தான் இத்தனை ஓட்டம்.

ஒருமுறை மூன்றாவது மாடியில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கதவு திறந்துவிட்டது. மர்ஸேல் தண்ணீர் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். அவள் அகலத்துக்கு அந்த மீட்டர் பெட்டி கால்வாசி மறைத்திருக்கும். வீட்டுக்காரி வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"யார் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த யாரோ முட்டிக்கு எண்ணெய் தேச்சுக்கணும். ரெண்டாவது மாடியிலேர்ந்தே முனகல் கேக்குது."

கதவு மூடியதும் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து மர்ஸேல் ஓட்டம் பிடித்தாள். அன்று ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

மர்ஸேல் பிறந்தது இதே ஊரில்தான். பெற்றோர் மொராக்கோவிலிருந்து வந்து இறங்கியபோது நெவே ஷிட்டாவில் மணலும் தகரக் கொட்டகையும் தவிர வேறெதுவும் இல்லை. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் தையல் ஆலை. ஆலை மூடியதும் பள்ளிக்கூடம். படிக்கும்போது விரட்டினார்கள், இப்போது சாவியே என் கையில் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டி கட்டுவதோடு அவள் நின்றிருப்பாள். ஒரு முயல்தான் கெடுத்தது.

செப்டம்பர் மாதம் இடைவேளை முடிந்து குப்பைக்கூடையைக் காலி செய்யப் போனபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கூடைக்குள் கைவிட்டு, மற்ற பிள்ளைகள் கடித்துப் போட்ட ரொட்டி ஓரங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் வேண்டாம். மர்ஸேல் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"யாருக்கு கண்ணு அது?"

"எங்க வீட்டு முயலுக்கு."

சாக்லேட் தடவிய ரொட்டி ஓரத்தைத் தின்கிற முயல் எந்த ஊரிலும் கிடையாது. மர்ஸேல் அதைக் கேட்கவில்லை. முயலுக்குப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள். சிறுமி ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். மிஷ்மிஷ் என்றாள்.

மறுநாள் துடைப்பம் வைக்கிற அலமாரியில் காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச் ஒன்று இருந்தது. உள்ளே ஆம்லெட், வெள்ளரிக்காய். மிஷ்மிஷுக்கு ஆம்லெட் பிடிக்குமா என்று மர்ஸேல் விசாரித்தாள். ரொம்பப் பிடிக்குமாம். அப்படியென்றால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள் மர்ஸேல். முயல் தனியாகச் சாப்பிட்டால் அதற்கு வயிறு வலிக்கும், ஆகவே பாதியை முயலின் சொந்தக்காரர் முதலில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், இங்கேயே, அலமாரிப் பக்கத்திலேயே. சிறுமி தலையாட்டினாள். விலங்கு வைத்தியம் இவ்வளவு சுலபமாக எந்த வகுப்பிலும் சொல்லித் தரப்பட்டதில்லை.

விஷயம் எப்படியோ பரவியது. அக்டோபர் முடிவதற்குள் அலமாரியில் ஒன்பது சாண்ட்விச். இரண்டு முயல், ஒரு ஆமை, ஒரு கிளி, காலொடிந்த பூனைகள் இரண்டு, பெயர் வைக்காத பிராணிகள் இரண்டு. ஒன்பதாவது பையன் மட்டும் அலமாரி முன்னால் வந்து நின்று, "எங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல அத்தை. எனக்குத்தான் பசிக்குது" என்றான்.

அன்று மாலை சமையலறையில் மர்ஸேல் வெங்காயம் நறுக்காமலேயே அழுதாள். யெஷி வெங்காயக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மர்ஸேல் சொன்னாள்:

"பெட்டி வெள்ளிக்கிழமை போகுது, சனிக்கிழமையோட தீருது. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வியாழன் வரைக்கும் என்ன பண்ணுங்க அந்தப் பிள்ளைங்க? பெல் அடிச்சு ஓடி ஓடி எனக்கு முட்டி போச்சுடி. பசி போகல."

"என்ன பண்ணலாங்கறீங்க?"

"ஓடறதை நிறுத்திட்டு, கதவு திறக்கிற வரைக்கும் நிக்கப் போறேன்."

எந்தக் கதவு என்று யெஷி கேட்கவில்லை. ஊரில் பெரிய கதவு ஒன்றுதான், நகரசபை.

பள்ளியில் தினமும் சூடான மதியச் சாப்பாடு. அதுதான் கோரிக்கை. அரசாங்கத்தில் அப்படி ஒரு திட்டம் வரப்போவதாக ஜெப ஆலயத்தின் குரு ரபி ஸ்வீசா கேள்விப்பட்டிருந்தார். ஓய்வுநாள் தொழுகையில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஏழை தன் வாசலுக்கு வருகிறவரை காத்திருக்கிறவன் பாதிதான் கொடுத்தவன் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னார். ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது, ஆனால் ஓய்வுநாளில் பேனாவைத் தொடக் கூடாதே, கையெழுத்து எப்படி வாங்குவது? மர்ஸேல் முன்னாலேயே பெயரெழுதி ஆளுக்கொரு அட்டை செய்து நாற்காலியில் வைத்திருந்தாள். சம்மதம் என்றால் அட்டையின் மூலையை மடக்கினால் போதும். நன்கொடைக்கு எப்போதும் செய்கிற வழிதான். ஞாயிற்றுக்கிழமை காலை மடித்த அட்டையோடு வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை பெல்லை அமுக்கிவிட்டு அங்கேயே நின்றாள். மடித்தவன் மடிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

அந்தக் காகிதக் கட்டோடு யெஷியும் அவளும் ஜெருசலேமுக்கு பஸ் ஏறினார்கள். நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறையில், அவளைப் போலவே வேறு ஊர்களின் ஜெப ஆலயச் சமையலறைகளிலிருந்து வந்த பெண்கள் ஒரு டஜன் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் வெங்காய வாசனை. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மர்ஸேல் முதல் நிமிடத்தை மைக்கை எப்படிப் போடுவது என்பதிலேயே தீர்த்தாள். இரண்டாவது நிமிடத்தில் துடைப்ப அலமாரியைப் பற்றிச் சொன்னாள். அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

டிசம்பரில் கடிதம் வந்தது. நெவே ஷிட்டாவும் பட்டியலில் இருக்கிறது. முக்கால் பங்கு அரசாங்கம் போடும், கால் பங்கு நகரசபை. யூதக் காலண்டரில் தேவேத் மாதம் பத்தாம் தேதி மாலைக்குள் நகரசபை ஓட்டெடுத்து, சம்மதம் என்று அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருடம்.

நகரசபைத் தலைவர் ப்ரோஸ்பேர் எடெரிக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை. கெட்டவன் இல்லை ப்ரோஸ்பேர். ஊருக்குப் பூங்கா போட்டவன், விளக்கு போட்டவன். புதிய அடுக்குமாடிகளில் வீடு வாங்க நாட்டின் மத்தியப் பகுதிக்காரர்கள் வந்து பார்த்துப் போகிற நேரத்தில், பசிக்கிற ஊர் என்று நாளிதழில் பெயர் வந்தால் யார் வருவார்கள் என்பது அவன் கவலை. உள்ளூர் வானொலியில், நம்ம ஊர்ல பசிச்ச பிள்ளைன்னு ஒண்ணுகூட கிடையாது என்று சொல்லியிருந்தான். மர்ஸேல் அதைக் கேட்டபோது கையிலிருந்த தட்டு தானாகக் கீழே விழுந்தது என்பாள். ஹனானியா, வீசினாள் என்பான்.

அவள் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ப்ரோஸ்பேர் அவளுக்குப் பக்கத்து பெஞ்ச். பிள்ளைகள் போடுகிற ரொட்டி ஓரங்களை அவன் பையில் சேர்ப்பான். எங்க வீட்டு நாய்க்கு என்பான். எடெரி வீட்டில் ஒன்பது பிள்ளைகள். நாய் கிடையாது. ஒரே தெருவில் இருந்தவளுக்கு அது தெரியாதா? அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. யெஷியிடம் மட்டும் ஒருதரம் வாய் தவறி வந்துவிட்டது.

ப்ரோஸ்பேர் கூட்டத்தைக் கடைசி நாளுக்குத்தான் வைத்தான். மாலை மூன்றரை மணி. தேவேத் பத்து உபவாச நாள் வேறு. விடியலுக்கு முன்னாலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது, மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும். அன்று நட்சத்திரம் ஐந்து மணி எட்டு நிமிடத்துக்கு. பட்டியலில் பதினொரு விஷயம், மதியச் சாப்பாடு பதினொன்றாவது. தலைவரையும் சேர்த்து உறுப்பினர்கள் மொத்தம் ஒன்பது பேர், ஐந்து பேராவது இருந்தால்தான் ஓட்டு செல்லும். நாலேமுக்கால் ஆனால் பசியில் ஒவ்வொருவராக வீட்டுக்கு நழுவுவார்கள். கூட்டம் தானாகக் கலையும். யாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டதாகவும் இருக்காது. அழகான திட்டம். சொல்லப்போனால் மர்ஸேலுக்கே அதைப் பார்த்துக் கொஞ்சம் மரியாதை வந்தது.

"வீட்டுக்கு ஓடறதுக்குக் காரணம் சோறுதானே? சோறு அங்கேயே இருந்தா?" என்றாள் யெஷியிடம்.

ஜெப ஆலயச் சமையலறையின் பெயரில் மரியாதையாக ஒரு கடிதம் போயிற்று. மதிப்புக்குரிய உறுப்பினர்கள் உபவாசம் முடிக்க எங்கள் செலவில் ஹரீரா சூப். கூட்ட அறைக்குப் பக்கத்து டீ ரூமிலேயே பரிமாறுவோம். மொராக்கோ வீட்டில் பிறந்த எவன் உபவாச நாளில் ஹரீராவை வேண்டாம் என்பான்? ப்ரோஸ்பேரால் மறுக்க முடியவில்லை.

அன்று இரண்டரை மணிக்கே ஹனானியா காஸ் அடுப்பையும் அண்டாவையும் காரிலிருந்து இறக்கினான். கொண்டைக்கடலை முந்தைய நாளே ஊறியிருந்தது. பருப்பு, தக்காளி, செலரித் தண்டு, இஞ்சி, மஞ்சள், இரண்டு பெரிய கட்டு கொத்தமல்லி. கொதிக்க ஆரம்பித்ததும் மர்ஸேல் டீ ரூம் கதவை அகலத் திறந்து வைத்தாள். கூட்ட அறையில் மூன்றாவது விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பேர் வந்திருந்தார்கள். வாசனை முதல் வரிசையை எட்டியபோது, சாக்கடைக் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டு, எங்கே விட்டேன் என்று கேட்டார்.

"வேலை செய்யுது அக்கா. மாவைக் கரைச்சு ஊத்துங்க, இன்னும் வாசனை ஏறும்" என்றாள் யெஷி.

மர்ஸேல் மாவை ஊற்றினாள், எலுமிச்சை பிழிந்தாள், கிளறினாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு மணிக்கு மர்ஸேல் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்டவருக்குச் சொல்கிற வாழ்த்தை வழக்கம்போல உதட்டுக்குள் சொல்லி, வாயில் விட்டு, விழுங்கி, உப்பு கம்மி என்றாள்.

யெஷியின் கை அப்படியே நின்றது.

முப்பது வருடம் அண்டா முன்னால் நின்ற மர்ஸேலின் கை, பழக்கத்தில் ருசி பார்த்துவிட்டது. மர்ஸேல் கரண்டியைப் பார்த்தாள், அப்புறம் யெஷியைப் பார்த்தாள். உபவாசம் முறிந்துவிட்டது. அதுவும் வாழ்த்துச் சொல்லிவிட்டு முறித்திருக்கிறாள். கடவுள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

ரபி ஸ்வீசாவுக்குப் போன் போட்டாள்.

"முழுங்கினியா, துப்பினியாம்மா?"

"முழுங்கிட்டேன் ரபி."

"வாழ்த்து?"

"அதையும் சொல்லிட்டேன்."

ரபி தொண்டையைச் செருமினார்.

"உப்பு எப்படி இருந்துச்சு?"

"கம்மி."

"அப்ப உப்பு போடு. வேணும்னு செய்யல, மறதிதான். மிச்ச நேரத்துக்கு உபவாசத்தை விடாம இரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உப்பைப் போட்டாள். ஆனால் பிரச்சினை உப்பு இல்லை. அவள் பேச வேண்டியதை யெஷி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வரியே, காலையிலிருந்து ஒரு வாய் கூட இறங்காமல் உங்கள் முன்னால் நிற்கிறேன், சாப்பாடு இல்லாமல் வகுப்பில் உட்காருகிற பிள்ளை மாதிரி. மொத்தப் பேச்சும் அந்த வரியின் மேல்தான் நின்றது.

"யாருக்கும் தெரியாது. படிச்சிருங்க அக்கா" என்றாள் யெஷி.

"உனக்குத் தெரியும். ரபிக்குத் தெரியும். மேல இருக்கறவரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டுல்ல காட்டியிருக்கேன்."

"அப்ப நாயை அவுத்து விடுங்க. ப்ரோஸ்பேர் சின்ன வயசுல என்ன பண்ணாருன்னு மைக்குல சொல்லுங்க, வாயைத் திறக்க மாட்டாரு."

மர்ஸேல் அண்டாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அது அவன் சொல்ல வேண்டிய கதை, நான் சொன்னா பெட்டியை நடுத்தெருவுல வச்சுப் பேரைக் கூவின மாதிரி ஆயிடும் என்றாள். அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மணி நாலு இருபது. அவளிடம் இப்போது சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

உள்ளே பத்தாவது விஷயம். புதிய ரவுண்டானாவின் நடுவில் என்ன வைப்பது, மாதுளம்பழச் சிலையா, ஊருக்குப் பெயர் கொடுத்த வேல மரத்தின் சிலையா? இருபது நிமிடம் ஓடியது. நாலு முப்பத்தைந்துக்கு ஒருவர் தலைவலி என்று எழுந்து போனார். அவர் பின்னாலேயே இன்னொருவர் எதுவும் சொல்லாமல் போனார். மிச்சம் ஐந்து பேர். மாதுளம்பழம் ஜெயித்தது.

அந்த ஐவரில் அர்காடி என்று ஒருவர். சோவியத் நாட்டிலிருந்து வந்த பொறியாளர், ஜெப ஆலயப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். உபவாசமாவது ஒன்றாவது என்று மேசையின் கீழே சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். டக், டக் என்று சத்தம். மற்ற நால்வரும் அவரைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை.

மணி நாலு நாற்பத்தொன்று. ப்ரோஸ்பேர் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நேரம் ஆயிடுச்சு. பதினொண்ணாவது விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கலாம்" என்று சொல்லி எழுந்தான்.

அவன் கதவைத் தாண்டினால் நாலு பேர். கூட்டம் முடிந்தது. மர்ஸேல் டீ ரூம் வாசலிலிருந்து கையில் கரண்டியோடு உள்ளே வந்தாள். தலைவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"ஊர்க்காரங்களுக்கு மூணு நிமிஷம் உண்டு. சட்டத்துல இருக்கு."

"மர்ஸேல் அம்மா, உங்க சூப்புக்கு எல்லாரும் காத்துட்டு இருக்கோம், ஆனா…" என்றான் ப்ரோஸ்பேர் மைக்குக்குக் கேட்கிற மாதிரி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வழியை விடு மர்ஸேல்" என்றான்.

அவள் விடவில்லை. மைக்கின் பக்கம் திரும்பினாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"நான் இன்னைக்கு உபவாசத்தை முறிச்சுட்டேன்" என்றாள்.

விதை கொறிக்கிற சத்தம் நின்றது.

எப்படி நடந்தது என்று சொன்னாள். அண்டா, கரண்டி, வாழ்த்து, உப்பு, ரபி. யாரோ சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. எதுக்குப் பட்டினி இருக்கேன்னு எனக்குத் தெரியும். எப்ப முடியும்னும் தெரியும், அஞ்சு மணி எட்டு நிமிஷத்துக்கு. முடிஞ்சதும் சாப்பாடு இருக்குன்னும் தெரியும், நான்தானே சமைக்கிறேன். இவ்வளவு தெரிஞ்சும், பானைக்கு முன்னாடி நின்னதும் என் கை என் பேச்சைக் கேக்கல. அப்ப ஏழு வயசுப் பிள்ளைக்கு? எதுக்குன்னு யாரு சொல்றது, எப்ப முடியும்னு யாரு சொல்றது? பக்கத்துல இருக்கறவன் சாண்ட்விச்சைப் பிரிக்கிறான், இது கையைக் கட்டிக்கிட்டுக் கணக்குப் போடணும்."

அர்காடி விதைப் பொட்டலத்தை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார்.

பிறகு முயலைப் பற்றிச் சொன்னாள். சிறுமியின் பெயரைச் சொல்லவில்லை, வகுப்பையும் சொல்லவில்லை. துடைப்ப அலமாரி, ஆமை, கிளி, காலொடிந்த பூனைகள். எதையும் வளர்க்காத ஒன்பதாவது பையன்.

நின்றுகொண்டே இருந்த ப்ரோஸ்பேர் கேட்டான், "அந்த முயலை யாராச்சும் பாத்திருக்காங்களா?"

அது கேலியாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது குரல் வேறாக இருந்தது.

"இல்ல" என்றாள் மர்ஸேல். "ஆனா அந்த மாதிரிப் பிராணிங்களை எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே தெரியும்."

ப்ரோஸ்பேர் அவளைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான். அடுத்த வாக்கியத்துக்காக அவன் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் தோள் மேலே ஏறியிருந்தது, எட்டு வயதில் வாத்தியார் பையைச் சோதிக்க வந்தபோது ஏறிய மாதிரியே. டீ ரூம் வாசலில் யெஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் கடிகாரம் நாலு நாற்பத்தைந்து காட்டியது.

மர்ஸேல் அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. "அவ்வளவுதான். எனக்கு இன்னும் அரை நிமிஷம் இருக்கு, வேணாம்" என்று கரண்டியைக் கீழே இறக்கினாள்.

ப்ரோஸ்பேரின் தோளும் இறங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ஓட்டெடுப்பு" என்றான்.

முதல் கை அர்காடியுடையது. விதைத் தோல் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது கை சாக்கடைக் குழாய்க்காரர். எதிர்ப்பு இரண்டு: ஊர்ப் பெயர் கெடும் என்றார் ஒருவர், அவர் சொன்னால் சரி என்றார் மற்றவர். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ப்ரோஸ்பேர் கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் தூக்கினான், தேவைக்கு மேலேயே உயரமாக.

யெஷி குலவை இட்டாள். ஹனானியா பதில் குலவை இட முயன்று இருமினான். பசித்திருந்த உறுப்பினர்கள் டீ ரூமைப் பார்த்துக் கிளம்பினார்கள். மர்ஸேல் அவர்களுக்கு முன்னால் போய் அண்டாவின் மூடியைப் போட்டு, மேலே கையை வைத்தாள்.

"கடிதம் போகாம கரண்டி நகராது."

ஆகவே ஐந்து உறுப்பினர்களும், ஒரு பஸ் டிரைவரும், இரண்டு சமையல்காரிகளும் நகரசபை எழுத்தரின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கூட்டமாக நின்றார்கள். முத்திரை தேடினார்கள், மேஜை டிராயரில் கிடைத்தது. ஸ்கேனர் காகிதத்தைக் கோணலாக இழுத்தது. மறுபடி வைத்தார்கள். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி ஐந்து மூன்று. ஐந்து நாலு. யாரோ ஒருவர் வயிறு இரைந்தது, யாரும் யாரென்று கேட்கவில்லை. நாற்பது வருடம் பொறியாளராக இருந்த அர்காடி கம்ப்யூட்டரின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"போயிடுச்சு" என்றார் எழுத்தர்.

மணி ஐந்து ஆறு. மிச்சம் இரண்டு நிமிடத்தை மாடி ஜன்னலில் நின்று கழித்தார்கள். பாலைவனத்துப் பக்கம் வானம் கறுத்து, ஒன்று, இரண்டு, அதோ மூன்றாவது. மர்ஸேல் மூடியைத் திறந்தாள்.

எங்கே பார்த்தாலும் கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம். சாக்கடைக் குழாய்க்காரர் மூன்று கிண்ணம் குடித்தார். உபவாசமே இருக்காத அர்காடி நாலு குடித்துவிட்டு, உப்பு ரொம்பச் சரியா இருக்கு மேடம் என்றார். இருக்காதா பின்னே என்றாள் யெஷி, அதுக்கு எவ்வளவு விலை குடுத்திருக்கோம் தெரியுமா?

மர்ஸேல் கடைசியாகத்தான் சாப்பிட்டாள். இந்தத் தடவை வாழ்த்தை நிதானமாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாளைக்கு அலமாரியில் என்ன வைப்பது என்று யோசித்தாள். சாப்பாடு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை ஒன்பது சாண்ட்விச். அப்புறம் அலமாரியில் துடைப்பம் மட்டும்தான். பிராணிகளுக்கு என்ன ஆகும் என்று அந்தச் சிறுமி கேட்டால்? மிஷ்மிஷும் பள்ளியில் சேர்ந்தாயிற்று என்று சொல்ல வேண்டியதுதான்.

எல்லோரும் போன பிறகு ப்ரோஸ்பேர் காலிக் கிண்ணத்தோடு டீ ரூம் வாசலில் வந்து நின்றான். மைக் இல்லை, ஆள் இல்லை.

"கொஞ்சம் கட்டிக் குடு மர்ஸேல்."

"யாருக்கு?"

அவன் அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாய்க்கு."

எடெரி வீட்டில் இன்றும் நாய் கிடையாது. மர்ஸேல் இருந்ததிலேயே பெரிய டப்பாவை எடுத்தாள்.